பட்டறைப் பக்கம்: கழித்துப் போட்ட எஞ்சினில் மேசை விளக்கு

போன இதழில் பழைய புல்லட் பைக்கின் பிஸ்டனையும் (சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடுவது) கனெக்டிங் ராடையும் (பிஸ்டனின் அடியில் மாட்டும் தண்டு) வைத்துச் செய்த ஒரு மேசை விளக்கின் படம் போட்டிருந்தோம். படம் மட்டும்தான், செய்முறை போடவில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டும் சந்தேகம் கேட்டும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ரொம்ப நாளாக ஷெட்டில் நிற்கிறது. எஞ்சின் ஜாம். காலேஜ் படிக்கும் பையன், சிலிண்டர் போரை, அதாவது பிஸ்டன் ஓடும் குழாயை, கழற்றி உள்ளே பல்பு வைத்து விளக்கு செய்கிறேன் என்கிறான். எதிலிருந்து தொடங்கச் சொல்லட்டும் சார்?
(ஈரோடு வாசகர்)

முதலில் அவன் கையிலிருக்கும் ஸ்பேனரை வாங்கி வையுங்கள். ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-இலிருந்து 1996 வரைதான் வந்தது, அதன் ஒரிஜினல் சாமானுக்கு இன்றைக்கும் ஆட்கள் அலைகிறார்கள். ஜாம் ஆன எஞ்சின் செத்த எஞ்சின் இல்லை. போரைக் கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், கோடு விழுந்திருந்தால்கூட ரீபோர் செய்து (உள்சுவரைக் கடைந்து கொஞ்சம் அகலமாக்கி) எடுத்துவிடலாம். கழற்றிய பிஸ்டனின் தலையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் 25, 50, 75, 100 என்று ஏதாவது எண் பொறித்திருக்கும். ஒவ்வொரு ரீபோருக்கும் கால் மில்லிமீட்டர் கணக்கு அது. எண்ணே இல்லை என்றால் அநேகமாகக் கம்பெனியிலிருந்து வந்த 50 மி.மீ. அளவிலேயே அந்தப் போர் இருக்கிறது, அதை விளக்காக்குவது பாவம். 100 வரை போயிருந்தாலும் ஸ்லீவ் அடித்து (உள்ளே புதுக் குழாய் இறக்கி) தேற்றிக்கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. வெளியே சூடு தணிக்கும் ஃபின் தகடுகள் உடைந்து, சிலிண்டர் சுவர் விரிசல் விட்டு, போரிங் கடைக்காரரே கையை விரித்தால் அப்போது விளக்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியில் திரும்ப ஓடக்கூடிய எதையும் அலங்காரச் சாமானாக ஆக்கக்கூடாது என்பது என் கட்சி, இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

ஜாம் ஆன அந்தப் பிஸ்டன் இருக்கிறதே, அது விளக்குக்கே பிறந்தது. பக்கவாட்டில் உரசி உருகிய கோடுகளோடு அப்படியே வைத்தால் புதுப் பிஸ்டனைவிட அழகாக இருக்கும். இன்னும் வேண்டுமென்றால் உங்கள் ஊர் போரிங் கடையில் ஒரு மாலை நேரம் போய் நில்லுங்கள், கழற்றிய பழைய பிஸ்டன்கள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும், எடைக்குப் போட்டுவிடுவார்கள். சென்னைக்காரர்களுக்குப் பழைய வண்டிச் சாமான் வாங்கப் புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் எந்தக் காயலான் கடையிலும் கிராங்க் கேஸை (எஞ்சினின் அடிப்பெட்டி) மட்டும் யோசிக்காமல் வாங்காதீர்கள், எஞ்சின் நம்பர் அதில்தான் அடித்திருக்கும். யாருடைய வண்டி, எப்படி வந்தது என்ற கேள்விக்கு உங்களிடம் காகிதம் இருக்காது.

கேள்வி: தம்பியின் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பிஸ்டன், வால்வு, டைமிங் செயின், கிளட்ச் பிளேட் எல்லாம் ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்திருக்கிறேன். கரியும் கிரீஸும் அப்பிக் கிடக்கின்றன. காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள், செய்யலாமா?
(நாகப்பட்டினம் வாசகி)

இரும்புக்குச் செய்யலாம், பிஸ்டனுக்கு அது எமன். பிஸ்டன் அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜன் வாயு பொங்கி வரும், பக்கத்தில் நெருப்பு இருந்தால் வேறு கதை. காலையில் போய்ப் பார்த்தால் அரித்துக் கறுத்துப்போன ஒரு துண்டுதான் கையில் வரும். அதனால் வேலையைத் தொடங்கும் முன் ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு சாக்கைப் பிரித்துவிடுங்கள். ஒட்டினால் இரும்பு, எஃகு. ஒட்டாதது பெரும்பாலும் அலுமினியம். சில எக்ஸாஸ்ட் வால்வுகளில் மட்டும் தண்டின் நுனியில் காந்தம் ஒட்டும், தலையில் ஒட்டாது. குழம்ப வேண்டாம், இரண்டு வகை எஃகைச் சேர்த்துச் செய்த வால்வு அது.

எல்லாவற்றுக்கும் பொதுவான முதல் குளியல் மண்ணெண்ணெய் அல்லது டீசல். வெளியில் வைத்து, கையுறை போட்டு, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கையுறை கட்டாயம், ஏனென்றால் ஓடித் தீர்ந்த எஞ்சின் ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் வரை கொண்டுபோகும் சங்கதிகள் அதில் இருக்கின்றன. கழுவிய அழுக்கெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒரு கேனில் பிடித்துத் தம்பியின் ஒர்க்‌ஷாப்பிலேயே கொடுத்துவிடுங்கள், கழிவு ஆயில் எடுக்க அங்கே ஆள் வருவார்கள். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும்.

பிஸ்டன் தலையில் ஒட்டிய கரி இதில் போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் முழுசாக நின்றது 2000-த்தில். அதற்கு முன்னால் ஓடிய எஞ்சினின் கரியில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர வைத்துக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தூசி கிளப்பாமல், மண்ணெண்ணெயில் நனைத்து வைத்து, மரச்சிம்பாலோ பிளாஸ்டிக் துண்டாலோ ஈரமாகவே சுரண்டுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம்.

அப்புறம் அந்தக் கிளட்ச் பிளேட். வெறும் எஃகுத் தட்டு என்றால் வைத்துக்கொள்ளுங்கள், விளக்குக்கு நல்ல அடித்தட்டு. மேலே கட்டைகட்டையாக லைனிங் ஒட்டியிருந்தால் சாக்கோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பிரேக் ஷூவும் அப்படியே. பழையவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது நுரையீரலுக்கு நாமே விஷம் வைப்பது.

பாலிஷ் எவ்வளவு போடுவது என்பது ரசனை. கண்ணாடி மாதிரி பஃபிங் செய்துவிட்டால் அது எஞ்சினில் இருந்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். வார்ப்பில் வந்த எண்கள், லேத் கோடுகள், தலையில் கொஞ்சம் கருமை, இவற்றை நான் விட்டுவைப்பேன். உங்கள் ஊர் கடல் காற்றுக்கு இரும்பைக் கழுவிய கையோடு துடைத்து வெயிலில் காயவைத்து, அன்றைக்கே கிளியர் லேக்கர் (நிறமில்லாத பூச்சு) அடித்துவிடுங்கள். ஒரு ராத்திரி விட்டாலும் செம்மண் நிறம் ஏறிவிடும்.

கேள்வி: அம்பாசடர் டாக்ஸியின் கிராங்க் ஷாஃப்ட் (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு) ஒன்று கையில் இருக்கிறது. வயர் போக நடுவில் ஓட்டை போடச் சொன்னால் லேத்காரர் முடியாது என்கிறார். வேறு லேத் பார்க்கட்டுமா?
(மதுரை வாசகர்)

வேண்டாம், அவர் சரியாகத்தான் சொல்கிறார். கிராங்க் நேர்க்கோடு இல்லை, பக்கம் பக்கமாக விலகி விலகிப் போவது, மேலிருந்து கீழ் வரை ஒரே ஓட்டை எப்படிப் போடுவது? உள்ளே ஆயில் போகும் துளைகள் இருக்கும், அவை ஒரு ஜர்னலிலிருந்து (பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதி) அடுத்ததற்குச் சாய்வாகப் போகிறவை, வயருக்கு உதவாது. பல கிராங்குகளில் ஜர்னல் மேற்பரப்பைக் கடினப்படுத்தியும் இருப்பார்கள், சாதாரண டிரில் பிட் நுனி மழுங்கி நீலம் பாரித்துப் போகும். வயரை வெளியே கொண்டுபோங்கள். துணி சுற்றிய வயர் கிடைக்கிறது, கிராங்கின் வளைவுகளுக்குப் பின்னால் ஒளித்துக் கட்டினால் முன்னால் இருந்து தெரியாது. ஃப்ளைவீல் (கனமான சக்கரம்) மாட்டும் முனையைக் கீழே வையுங்கள், அங்கே வட்டமாக போல்ட் துளைகள் ஏற்கெனவே இருக்கின்றன, கனமான ஒரு தட்டில் நேராக முடுக்கிவிடலாம். பெரும்பாலான கார் கிராங்குகளில் எதிர் முனையில் புல்லி போல்ட்டுக்கு மரை இருக்கும், ஹோல்டர் தாங்கியை அதில் ஏற்றுங்கள். மொத்தத்தில் ஒரு ஓட்டைகூடப் போடாமல் வேலை முடிகிறது.

எஞ்சின் சாமானில் நமக்கு வேண்டிய ஓட்டைகளும் மரைகளும் முன்பே இருக்கின்றன, தேடிப் பிடிப்பதுதான் வேலை. எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்பார்க் பிளக் துளை. அலங்கார விளக்குச் சாமான் கடையில் ஹோல்டருக்கு அடியில் மாட்டும் உள்கூடான மரைக்குழாய் ஒன்று விற்கும், பரவலாகக் கிடைப்பது 10 மி.மீ. விட்டம், மரை இடைவெளி 1 மி.மீ. நம் 100 சிசி நாலு ஸ்ட்ரோக் பைக்குகள் பலவற்றில் பிளக் மரையும் அதே 10-க்கு 1. அந்த பைக்கின் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடி) தூக்கி வைத்து, பிளக் இருந்த இடத்தில் மரைக்குழாயைத் திருகி, மேலே ஹோல்டரை மாட்டினால் கம்பெனியே செய்து கொடுத்த மாதிரி உட்காரும். எந்த ஹெட் என்று தெரிய என்ஜிகே கம்பெனி பிளக்கின் எண்ணில் முதல் எழுத்தைப் பாருங்கள், சி என்றால் 10 மி.மீ., டி என்றால் 12, பி என்றால் 14. பழைய புல்லட், ஆர்எக்ஸ் எல்லாம் 14. அதற்குத் தீர்ந்துபோன பிளக் ஒன்றின் பீங்கானைத் தட்டி எடுத்துவிட்டால் மிஞ்சும் எஃகுக் கூடே மரையோடு ஒரு புஷ், வயர் அதன் வழியே போகும். தட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், சில்லு தெறிக்கும்.

ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால் அலுமினியத்தில் போடுங்கள். போன இதழ் படத்தில் இருந்த பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் கனெக்டிங் ராடே அலுமினியக் கலவைதான், வீட்டு டிரில்லே போதும், பாலிஷும் வெள்ளி போல ஏறும். மற்ற வண்டிகளின் ராட் பெரும்பாலும் எஃகு. தொடக்கூடாத ஒன்று தடித்த தண்டு உள்ள எக்ஸாஸ்ட் வால்வு. சில எஞ்சின்களில் அந்தத் தண்டு உள்கூடாக இருக்கும், உள்ளே சோடியம் அடைத்திருப்பார்கள், வால்வு தலையின் சூட்டைக் கடத்துவதற்காக. அதை அறுத்து, உள்ளே ஈரம் பட்டால் தீப்பிடிக்கும். வால்வை முழுசாகவே பயன்படுத்துங்கள், வெட்ட வேண்டாம்.

கேள்வி: விளக்கு தயார். எலக்ட்ரீஷியன், "எல்.இ.டி. பல்புதானே, ரெண்டு வயர் போதும், எர்த் எதுக்கு" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(திருச்சி வாசகர்)

எலக்ட்ரீஷியனை மாற்றுங்கள் என்கிறேன்.

பல்பு நாலு வாட்டாக இருக்கட்டும், வயரில் வருவது அதே 230 வோல்ட்தானே. பிளாஸ்டிக் விளக்கென்றால் ரெட்டைக் காப்பு செய்து எர்த் இல்லாமல் விற்கிறார்கள், அது கம்பெனி சோதித்துச் செய்தது. உங்களுடையது தலை முதல் கால் வரை உலோகம், அதுவும் கூரான விளிம்புகள் உள்ள உலோகம். உள்ளே ஃபேஸ் வயரின் தோல் ஒரு இடத்தில் உரிந்தால் போதும், மொத்த விளக்கும் ஃபேஸ் ஆகிவிடும், பல்பு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது, ஈரக் கையோடு தொடுகிறவருக்கு மட்டும் தெரியும். எர்த் இருந்தால் அந்த நொடியே ஃபியூஸோ எம்சிபியோ விழும்.

மூன்று கோர் உள்ள உருண்டை வயர், 0.75 சதுர மி.மீ. வாங்குங்கள். பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையில் மஞ்சள் கோடு போட்டது எர்த். பழைய வயர் என்றால் சிவப்பு, கறுப்பு, பச்சை. எர்த் வயரின் நுனியில் வளைய லக் அடித்து, பெயின்ட்டையும் லேக்கரையும் சுரண்டிய வெற்று உலோகத்தில், பல் வாஷர் போட்டுத் திருகுங்கள். எஞ்சின் விளக்கில் மட்டும் வரும் சிக்கல் ஒன்று இதில் உண்டு. துண்டுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், ஆனால் நடுவில் கேஸ்கட், பெயின்ட், லேக்கர், காய்ந்த கிரீஸ் என்று ஏதாவது இருக்கும். அடித்தட்டுக்குக் கொடுத்த எர்த் மேலே இருக்கும் பிஸ்டனுக்குப் போயிருக்காது. ஒவ்வொரு துண்டையும் மல்டிமீட்டரில் பாருங்கள், ஒரு கம்பியைப் பிளக்கின் எர்த் பின்னில் வைத்து, இன்னொன்றால் பிஸ்டன், ராட், தட்டு, ஹோல்டரின் பித்தளை என்று ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், எல்லாவற்றிலும் ஒரு ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாத துண்டுக்குத் தனியாக ஒரு எர்த் வயர் கொடுங்கள். அடுத்து ஃபேஸ் பின்னுக்கும் உடம்புக்கும், நியூட்ரல் பின்னுக்கும் உடம்புக்கும் வைத்துப் பார்த்தால் மீட்டர் அசையவே கூடாது. இதெல்லாம் பிளக்கைச் சுவரில் சொருகுவதற்கு முன்னால்.

வயர் உலோகத்தைத் தாண்டும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் புஷ். விளக்கின் காலில் வயர் நுழையும் இடத்தில் இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாண்டு, யாராவது வயரில் தடுக்கினால் இழுப்பு உள்ளே இணைப்புக்குப் போகக்கூடாது. ஸ்விட்ச் ஃபேஸில் வர வேண்டும். திருகு பல்பு ஹோல்டர் என்றால் ஃபேஸ் நடுப் புள்ளிக்கு, நியூட்ரல் சுற்று மரைக்கு, மாற்றிக் கொடுத்தால் பல்பு கழற்றும்போது விரல் படும் இடம் ஃபேஸ். வீட்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லை என்றால் இதையே சாக்காக வைத்து ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

இவ்வளவும் படித்துத் தலை சுற்றினால் 12 வோல்ட் அடாப்டருக்குப் போய்விடுங்கள். நல்ல கம்பெனி அடாப்டர் சுவரோடு நின்றுவிடும், விளக்குக்கு வருவது 12 வோல்ட்தான், தொட்டாலும் ஒன்றும் செய்யாது, எர்த் தேவையில்லை. முதல் விளக்கு செய்கிறவர்களுக்கும் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் இதையே சொல்வேன்.

கேள்வி: டைமிங் செயினை நேராக நிறுத்தி உயரமாகச் செய்திருக்கிறேன். லேசாக இடித்தாலே சாய்கிறது.
(சேலம் வாசகர்)

அடி போதவில்லை. பழைய பிரேக் டிஸ்க் ஒன்று, அதற்குக் கீழே சின்ன ஃப்ளைவீல் ஒன்று, இரண்டையும் சேர்த்து முடுக்குங்கள். கனம் கீழே இருக்க வேண்டும், அகலமும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது. ஒரு பலகையில் வைத்துப் பலகையைச் சாய்த்துப் பாருங்கள், நாலு பக்கமும். அடியில் ஃபெல்ட் ஒட்ட மறக்காதீர்கள், இல்லையென்றால் மேசைக் கண்ணாடியில் கோடு விழும்.

கேள்வி: ரெண்டு ஸ்ட்ரோக் சிலிண்டர் போருக்குள் எல்.இ.டி. பல்பு வைத்தேன். அழகாக இருக்கிறது, ஆனால் பல்பு அடிக்கடி போய்விடுகிறது. எஞ்சின் சூட்டையே தாங்கிய சிலிண்டருக்குள் பல்பு ஏன் தாங்கவில்லை?
(புதுச்சேரி வாசகர்)

சிலிண்டருக்கு ஒன்றும் ஆகவில்லை, பல்புக்குத்தான். எல்.இ.டி. பல்பின் அடிப்பகுதியில் சின்ன எலெக்ட்ரானிக்ஸ் ஒன்று இருக்கிறது, சூடு அதற்கு ஆகாது. நீங்கள் மேல்பக்கத்தை ஹெட் போட்டு மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். மேலும் கீழும் திறந்திருக்க வேண்டும், கீழே நுழையும் காற்று சூடாகி மேலே போய்விடும். ஹெட் கட்டாயம் வேண்டும் என்றால் வாஷர்களை அடுக்கிக் கொஞ்சம் தூக்கி வையுங்கள், அந்த இடுக்கில் ஒரு ஒளி வளையமும் கிடைக்கும். வாட்டையும் குறையுங்கள், மூன்று நாலு வாட்டுக்கு மேல் அதற்குள் தேவையே இல்லை. நிறம் 2700 கெல்வின் என்று அட்டையில் போட்டதாக வாங்குங்கள், இரும்புக்கு அந்த மஞ்சள்தான் பொருந்தும், வெள்ளை வெளிச்சத்தில் ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரித் தெரியும்.

பல்பின் உயரத்தையும் சரி செய்யுங்கள். ரெண்டு ஸ்ட்ரோக் போரில் பக்கச் சுவரில் எக்ஸாஸ்ட் துளை, டிரான்ஸ்ஃபர் துளைகள் எல்லாம் ஜன்னலாக இருக்கின்றன. பல்பின் ஒளிரும் பகுதி எக்ஸாஸ்ட் துளைக்கு நேராக வந்தால் வெளிச்சம் பீச்சிக்கொண்டு கண்ணில் அடிக்கும். அதற்குக் கொஞ்சம் மேலே வைத்தால் டிரான்ஸ்ஃபர் துளைகளின் வளைந்த சுவரில் பட்டுச் சுற்றி வரும். நாலு ஸ்ட்ரோக் போரில் இந்த வேலை நடக்காது, சுவரில் துளையே கிடையாது.

கேள்வி: போல்ட் தெரிவது அசிங்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் வெல்டிங் வைத்துவிட்டால் என்ன?
(கோயம்புத்தூர் வாசகர்)

போல்ட் அசிங்கமா? எஞ்சினே போல்ட்டால் ஆனதுதான் சார். வார்ப்பிரும்பில் சாதாரண ராடு வைத்து வெல்டிங் செய்தால் ஆறும்போது பக்கத்திலேயே விரிசல் விடும், அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் தேடிப் போக வேண்டும், குரோம் பூசிய சாமானைச் சூடாக்கினால் வரும் புகை உடம்புக்குக் கேடு. தவிர, வயர் மாற்ற ஒரு நாள் திறக்க வேண்டி வந்தால் எதைத் திறப்பீர்கள்? டோம் நட் போட்டுப் பாருங்கள், பார்வையாக இருக்கும்.

கேள்வி: விளக்கு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் ஹால் முழுக்க மண்ணெண்ணெய் வாடை. வீட்டில் எனக்கும் விளக்குக்கும் சேர்த்து இடமில்லை என்கிறார்கள்.
(தாம்பரம் வாசகர்)

வாடை வெளிப்புறத்திலிருந்து வரவில்லை, செயின் கண்ணிகள், பேரிங், ஆயில் துளைகள் இவற்றுக்குள் தங்கிய மண்ணெண்ணெய்தான். வயரைக் கழற்றிவிட்டு வெந்நீரும் சோப்புமாக ஊறவைத்து, துளைகளுக்குள் ஊசிக் குழாயால் பீய்ச்சிக் கழுவி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் போடுங்கள். சீக்கிரம் காயட்டும் என்று கேஸ் அடுப்பில் மட்டும் காட்டாதீர்கள், பற்றிக்கொள்ளும். காய்ந்ததும் இரும்புத் துண்டுகளை லேசாக மெஷின் ஆயில் தொட்டுத் துடைத்துவிட்டு மாட்டுங்கள், மாட்டியதும் எர்த்தை இன்னொரு முறை மீட்டரில் பார்த்துவிடுங்கள். அதுவரை விளக்கும் நீங்களும் வராண்டாவில் இருக்க வேண்டியதுதான்.